உலாவிக்கு வந்த சுகவீனம்

அப்பாத்துரையின் உலாவி உறைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காப்பிக்கும் இட்லிக்கும் இடைப்பட்ட பொழுதில்.

ஊரெல்லாம் அதைப் பிரவுசர் என்கிறது. அப்பாத்துரை உலாவி என்பார். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் அதனதன் பெயரில், அதனதன் அலமாரியில் வைக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கதை அவருடையது, ஆகவே நாமும் உலாவி என்றே வைத்துக்கொள்வோம்.

முந்தின நாள் சாயங்காலம் உலாவி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. யாரும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. 'உங்கள் அனுபவத்தை மேம்படுத்தியிருக்கிறோம்' என்று ஒரு வரி எழுதிக் காட்டியது. விடிந்ததும் அனுபவம் நின்றுபோயிற்று. திரை நடுவில் ஒரு நீல வட்டம் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது, கல்யாண வீட்டில் வேலை எதுவும் ஒப்படைக்கப்படாத மாமனைப் போல.

"என்ன, சத்தத்தையே காணும்?" என்று அடுப்படியிலிருந்து அவர் மனைவி பியூலா கேட்டாள்.

"உலாவி உறைஞ்சுட்டு."

"வெயில்ல கொண்டு வைங்க."

"அந்த உறைச்சல் இல்ல பியூலா. அசைய மாட்டேங்கு. எதைத் தட்டினாலும் பதில் இல்ல."

"அப்ப உங்களை மாதிரின்னு சொல்லுங்க. இட்லி ஆறுது."

அப்பாத்துரை இட்லியை ஆறவிட்டார். கவலைப்படக் காரணம் இருந்தது. படிக்கத் தொடங்கிய பக்கத்தை முடிக்காமல் மூடுவது நூலகருக்கு அழகல்ல என்பது அவர் கொள்கை. எனவே உலாவியின் தலைமாட்டில் திறந்த பக்கங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன, காலை நேரத்து டவுன் பஸ் படிக்கட்டு மாதிரி. சங்கு முத்திரைகள் பற்றி ஒன்று. டச்சுக்காரர்கள் தூத்துக்குடியில் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒன்று. வேலையில் இருந்த காலமெல்லாம் பிறருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தவர், ஓய்வு பெற்றபின் தானும் கொஞ்சம் வாசித்துவிட வேண்டும் என்று காத்திருந்தார். அதற்கு ஒதுக்கியது இந்தக் காலை நேரம்.

அந்த நேரத்தைத்தான் மச்சான் ஞானசிகாமணி பிடித்துக்கொண்டார்.

ஞானசிகாமணி பியூலாவின் மூத்த அண்ணன். பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூரில் இருக்கிறார். கட்டுவதற்குக் கட்டடம் இல்லாமற்போன பொறியாளரின் கண் முன்னோர்கள் மேல் விழுந்தது. குடும்ப வரலாறு எழுதத் தொடங்கினார். கையால் எழுதி அனுப்பினால் தபாலில் தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். அவர் இணையத்தில் எழுதினார். ஒரே பக்கத்தை இருவரும் அவரவர் வீட்டிலிருந்து திறந்து திருத்தலாம் என்ற ஏற்பாடு. கோயம்புத்தூரில் அவர் ஓர் எழுத்தைத் தட்டினால் அது பாளையங்கோட்டையில் முளைக்கும். பிழை திருத்தும் பொறுப்பு மாப்பிள்ளை அப்பாத்துரைக்கு.

வரலாற்றில் எல்லா முன்னோர்களும் வீரர்கள். இரண்டாம் அதிகாரத்தில் ஒரு பாட்டனார், தாமிரபரணியில் வெள்ளம் புரண்டபோது வேதாகமத்தைத் தலையில் கட்டிக்கொண்டு நீந்திக் கரையேறினார். அடுத்த அதிகாரத்தில் அவர் தம்பி அதையே செய்தார். ஐந்தாம் அதிகாரத்தில் தம்பியின் மருமகனும் தண்ணீரில் இறங்கியபோது அப்பாத்துரை ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதினார்: 'இவர் காலத்தில் ஆற்றுக்குப் பாலம் கட்டியாகிவிட்டதே.' கோயம்புத்தூரிலிருந்து பதில் முளைத்தது: 'பாலம் எல்லாருக்கும். நீச்சல் நம் குடும்பத்துக்கு.'

இப்படி அன்றாடம் காலையில் அப்பாத்துரையும் வெள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்.

உலாவி உறைந்தபோது அவர் ஒரு நூலகருக்குரிய பொறுமையோடு வைத்தியத்தில் இறங்கினார். முதலில் கணினியை அணைத்துப் போட்டார். உலகத்துக் கருவிகள் எல்லாவற்றுக்கும் இது பொதுக் கஷாயம். கேட்கவில்லை. உலாவியைக் கட்டாயமாக முடித்துவைத்தார். அது எழுந்து வந்து, பழைய இடத்தில் பழையபடி உறைந்தது. கைபேசியில் தேடினார். உலகம் முழுவதும் இதே ஒப்பாரி. சேர்ந்து கிடக்கும் பழைய கோப்புகளைத் துடைக்கச் சொன்னான் ஒருவன், துடைத்தார். இன்னொருவன் ஏதோ முடுக்கத்தை நிறுத்தச் சொன்னான், நிறுத்தினார். மூன்றாமவன் வேறு உலாவிக்கு மாறச் சொன்னான். தலைவலிக்குத் தலையை மாற்றும் வைத்தியம் என்று அதை ஒதுக்கினார்.

கடைசியில் ஒரு வழி கிடைத்தது. உலாவியோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் குட்டி நிரல்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெறும் உலாவியைத் திறப்பது. திறந்தார். ஓடியது. அப்படியானால் குற்றவாளி அந்தக் குட்டிகளில் ஒன்று. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் அகப்பட்டது, தமிழில் ஒற்றுப்பிழை காட்டுவதற்கென்று அவரே தேடி ஏற்றிய நிரல். புதுப்பித்த பிறகு அது மச்சானின் பக்கத்துக்குள் போயிருக்கிறது. பிழைகளைக் குறிக்கத் தொடங்கியிருக்கிறது. முடிவு காணாமல் உலாவியையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அப்பாத்துரைக்கு அதன் மேல் கோபம் வரவில்லை. தன்னைப் போல ஒரு ஜீவன் என்றே தோன்றியது. மரியாதையாக அணைத்தார்.

எல்லாப் பக்கங்களும் திரும்பி வந்தன. சங்கு வந்தது. டச்சுக்காரர்கள் வந்தார்கள். மச்சானும் வந்தார்.

"சரியாச்சா?" என்றது அடுப்படி.

"இல்ல."

இந்த 'இல்ல' அவர் திட்டமிட்டுச் சொன்னதல்ல. சொன்னபின் அவரே அதைத் திரும்பிப் பார்த்தார். பார்க்க நன்றாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டார்.

"அப்ப அண்ணன் வேலை?"

"உலாவி இல்லாம எப்படி? பாவம், அவங்க காத்திருக்கட்டும்."

சில நாள் அவர் பரதீசில் இருந்தார். டச்சுக்காரர்கள் சாப்பிட்டு முடித்தார்கள். பொய்யைப் பேணுவதற்கும் ஒழுங்கான ஏற்பாடு செய்திருந்தார். கெட்ட நிரலை ஒரே ஒரு தடவை வேண்டுமென்றே போட்டு, உலாவியை உறையவிட்டு, அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டார். பியூலாவின் செருப்புச் சத்தம் கேட்டால் அந்தப் படத்தைத் திரை முழுக்க விரித்துவிடுவார். பின்னால் டச்சுக்காரர்கள் பத்திரமாக இருப்பார்கள்.

ஒரு காலை பியூலா காப்பியோடு வந்து திரையை உற்றுப் பார்த்தாள்.

"இந்த வட்டம் முன்னால சுத்திட்டுல்லா இருந்துச்சு?"

"ஆமா."

"இப்ப சுத்தக் காணமே."

"அதுவும் நின்னுட்டு," என்றார் அப்பாத்துரை. "முத்திட்டு."

பியூலா ஒன்றும் சொல்லவில்லை. காப்பியை வைத்துவிட்டு, நோயாளியைப் பார்ப்பது போல இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போனாள். யாரை அப்படிப் பார்த்தாள் என்று அப்பாத்துரை கவனித்திருக்க வேண்டும்.

ஞானசிகாமணி கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டார்.

"மாப்ளே, எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு மச்சான்."

"ராத்திரி அணைச்சு வச்சீங்களா?"

"வச்சேன்."

"காலைல?"

"காலைலதான் ரொம்ப மோசம்."

"சரி, சரி. அதைப் போட்டு ரொம்ப நோண்டாதீங்க. ஆறாம் அதிகாரம் எழுதிட்டேன். உலாவி எழும்பினதும் பாத்துக்கிடலாம்." கொஞ்சம் தயங்கி, "இதுல யாரும் நீந்தல," என்றார்.

அந்தக் குரலில் இருந்த பணிவு அப்பாத்துரையைச் சற்றே குத்தியது. ஆனால் சங்கு முத்திரைகள் பாதியில் நின்றன. மனசாட்சியை ஓரமாக உட்காரச் சொன்னார்.

பக்கத்து வீட்டு அகமது மீரானிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். மீரான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். இருவரும் சாயங்காலம் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடப்பார்கள்.

"பொய் சொன்னது தப்பில்லவே," என்றார் மீரான். "ஆனா இப்படிப் பொய்யா சொல்லுவீரு?"

"ஏன், இதுக்கு என்ன குறை?"

"இடுப்பு வலின்னு சொல்லியிருக்கணும். இடுப்பை எவனும் திறந்து பாக்க மாட்டான். நீரு பெட்டியைச் சொல்லியிருக்கீரு. பெட்டியை நாலு பேரு தூக்கிட்டுப் போவான்."

"என் பெட்டியை யாரு தூக்குவா?"

"உம்ம வீட்டம்மா என்ன சொல்லுதாங்க?"

"அவ ஒண்ணுமே சொல்லல."

மீரான் நடையை நிறுத்தினார். "ஒண்ணுமே சொல்லலையா?"

"இல்ல."

"அப்ப முடிஞ்சுது," என்று சொல்லிவிட்டு மீரான் மறுபடி நடக்கத் தொடங்கினார்.

மறுநாள் பியூலா சொன்னாள். வண்ணார்பேட்டையில் கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்று இருக்கிறதாம், கொண்டுபோய்க் காட்டலாமே என்று. அப்பாத்துரை மறுக்கவில்லை. மடிக்கணினியைப் பைக்குள் வைத்து, பஸ் ஏறி, வண்ணார்பேட்டையில் இறங்கி, ஒரு பேக்கரியில் அமர்ந்து தேங்காய் பன்னும் டீயும் சாப்பிட்டார். பன் நன்றாக இருந்ததால் இன்னொன்றும் சாப்பிட்டார். பிறகு பஸ் ஏறித் திரும்பினார்.

"என்ன சொன்னாங்க?"

"இங்கன பாக்க முடியாதாம். அந்தக் கம்பெனிக்காரனே அடுத்த அப்டேட்டுல சரி பண்ணினாத்தான் உண்டாம்."

"மனுசன் கையில ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

"அப்படித்தான் வச்சுக்கோயேன்."

"சரி," என்றாள் பியூலா. சட்டைமேல் இருந்த தேங்காய்த் துருவலைத் தட்டிவிட்டாள். "அப்ப ஜெபத்துக்குத்தான் விடணும்."

பியூலா சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர். சங்கத்தார் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பார்கள். பரீட்சை, பிரசவம், விசா, மூட்டுவலி எல்லாம் அங்கே சொல்லப்படும். சொல்லப்பட்டதை அவர்கள் பாதியில் விடுவதில்லை. அந்த வெள்ளி, வரிசைப்படி வேறு வீடு. பியூலா பேசி மாற்றிக்கொண்டாள்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. காய்கறிக் கடையில் அப்பாத்துரையை நிறுத்தி, "ஐயாவுக்கு எப்படி இருக்கு?" என்று ஒரு பெண்மணி கேட்டார். "எனக்கில்லம்மா, உலாவிக்கு," என்றார். "அதான், பைய சரியாகும், மனசைத் தளரவிடாதீங்க," என்றார் அந்த அம்மாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடத்தில் நாற்காலி போதாமல் பாய் விரித்தார்கள். சபை குருவானவரின் மனைவி வந்திருந்தார். சபைக்கு அவர் ஐயரம்மா. தங்கபுஷ்பம் டீச்சர் வந்திருந்தார். பள்ளியில் கணக்கு நடத்தியவர். அவருடைய ஜெபத்திலும் படிகளை விட்டுவிட முடியாது. நடுவில் பின்னல் துணி விரித்த முக்காலி. அதன்மேல் மூடிய மடிக்கணினி. அப்பாத்துரைக்கு அதன் பக்கத்தில், நெருங்கிய உறவினருக்குரிய இடம் கொடுத்திருந்தார்கள்.

பாட்டு முடிந்தது. வேதபாடம் முடிந்தது. டீச்சர் எழுந்தார்.

"ஆண்டவரே, இந்தப் பெட்டிக்குள்ள எது எதைத் தடுத்துட்டு நிக்குதுன்னு நாங்க அறியோம். நீர் அறிவீர்."

அறிந்தவர்களின் வரிசையில் தானும் இருப்பதை அப்பாத்துரை உணர்ந்தார். கண்களை இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டார்.

"இதை நம்பி ஒரு குடும்பத்தின் சரித்திரமே நிக்குது ஆண்டவரே. இந்த வீட்டு ஐயாவின் பாடுகளையும் நீர் பாக்கீர். காலைதோறும் அவங்க அதன் முன்னால உக்காந்து படுகிறதை நீர் பாக்கீர்."

பார்க்கிறார் என்ற எண்ணம் அப்பாத்துரைக்கு உதவவில்லை.

ஆமென் சொன்னபின் ஐயரம்மா கனிவாக, "திறந்து பாருங்கண்ணே," என்றார்.

அப்பாத்துரை எதிர்பார்த்திருந்தார். படம் தயாராக இருந்தது. திறந்தார். நீல வட்டம் அசையாமல் நின்றது. பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். அவரும் விட்டார், அவருடையது வேறு மூச்சு.

"முழுசா அணைச்சுட்டுப் போடுங்க," என்றார் டீச்சர். "முதல் படி அதுதான்."

"போட்டுப் பாத்தாச்சு டீச்சர்."

"அது ஜெபத்துக்கு முன்னால."

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இல்லை. அப்பாத்துரை அணைத்தார். கணினி மறுபடி எழுந்தபோது படம் போய்விட்டது. அதைத் தேடி எடுக்க அவர் கை நகர்வதற்குள் பியூலா குனிந்து, உலாவியின் சின்னத்தைத் தானே தட்டினாள்.

உலாவி திறந்தது. சங்கு வந்தது. டச்சுக்காரர்கள் வந்தார்கள். மச்சானின் ஆறாம் அதிகாரம், நீச்சல் இல்லாமல், பளிச்சென்று வந்து நின்றது.

"ஸ்தோத்திரம்," என்றார் ஐயரம்மா. கூடம் முழுவதும் அதைத் திரும்பச் சொன்னது. பாயில் இருந்த வயதான அம்மாள் ஒருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் கணினி பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

நியாயத்துக்காக அப்பாத்துரை ஒரு முயற்சி செய்தார். "அது வந்து, அதுல ஒரு குட்டி நிரல் இருந்துச்சு. அதை அணைச்சேன். அதனாலகூட..."

"எப்ப அணைச்சீங்க?" என்று கேட்டார் தங்கபுஷ்பம் டீச்சர்.

கேள்வி எளிமையானது. ஜெபத்துக்கு முன்னால் என்றால், அசையாத வட்டம் யாருடையது? ஜெபத்துக்குப் பின்னால் என்றால், எல்லாரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்? 

"சரியா ஞாபகமில்ல டீச்சர்," என்றார்.

"அதை விடுங்க," என்றார் ஐயரம்மா. "ஞாயித்துக்கிழமை சபையில ஒரு சாட்சி சொல்லிருங்கண்ணே. நாலு பேருக்கு விசுவாசம் உண்டாகும்."

சனிக்கிழமை முழுவதும் அப்பாத்துரை சாட்சியைச் செதுக்கினார். ஆலயத்தில் நின்று பொய் சொல்ல அவரால் முடியாது. உண்மையைச் சொல்லவும் முடியாது. ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியே உண்மையாக இருக்க வேண்டும்; சேர்ந்தால் என்ன ஆகிறது என்பது கேட்பவர்கள் பாடு. ஞாயிறு காலை எழுந்து நின்று சொன்னார்: "எங்கள் வீட்டில் உலாவி உறைந்தது. நான் பலவும் செய்து பார்த்தேன். பலர் ஜெபித்தார்கள். இப்போது ஓடுகிறது. ஸ்தோத்திரம்."

உட்கார்ந்தார். இவ்வளவு தாழ்மையான சாட்சியைச் சமீபத்தில் கேட்டதில்லை என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

குருவானவர் அறிவிப்புகளுக்கு வந்தார். "சகோதரி பியூலா அம்மா இந்தக் காரியத்துக்காக ஒரு பொருத்தனை பண்ணியிருந்தாங்க," என்றார். "உலாவி சரியானா, பெண்கள் ஐக்கிய சங்க நூற்றாண்டு மலருக்கு முழுப் பிழை திருத்தமும் அப்பாத்துரை ஐயா பாத்துத் தருவாங்கன்னு. கர்த்தர் தம் பங்கைச் செய்துட்டார். கட்டுரை எழுதினவங்க எல்லாரும் இன்னைக்கே ஐயாவிடம் கொடுத்துரலாம்."

ஆண்டவரிடம் நேர்ந்துகொண்ட பொருத்தனையைத் திரும்பப் பெற வழி கிடையாது. சபையில் அறிவித்த பொருத்தனை என்றால் அப்படி நினைக்கக்கூட வழி கிடையாது. ஆராதனை முடிந்ததும் வாசலில் கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. தங்கபுஷ்பம் டீச்சர் சங்கத்தின் வரலாற்றைச் செய்யுளில் எழுதியிருந்தார். அது இன்னும் முடியவில்லை என்றும், பாதிதான் கொண்டுவந்திருப்பதாகவும் சொன்னார். அதைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

ஆட்டோவில் வீடு திரும்பும்போது கட்டுகள் எல்லாம் அவர் மடியில் இருந்தன. பியூலாவின் மடியில் அவளுடைய கைப்பை மட்டும் இருந்தது.

"மலர் வேலை உன் பொறுப்பில்லா?" என்றார் அப்பாத்துரை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும்."

அப்பாத்துரை மேல்கட்டின் முதல் தாளைப் புரட்டிப் பார்த்து மூடினார்.

"பியூலா, நீயும் நெசமாவே அது கெட்டுப்போச்சுன்னு நம்பிட்டு இருந்தியா?"

"எப்படி நம்ப? நீங்க உலாவியைத் திறந்தாலே அண்ணனோட அந்தப் பக்கமும் தானாத் திறந்துக்கிடுதாம். யாரு உள்ள இருக்காங்களோ அவங்க பேரோட முதலெழுத்து மேல ஒரு வட்டத்துல தெரியுமாம். மறுநாளே அண்ணன் போன் பண்ணிட்டாங்க. 'மாப்ள காலைல வந்து மத்தியானம் வரைக்கும் உள்ளேயே இருக்காங்க, ஒரு எழுத்தும் தொட மாட்டேங்காங்க, மனசுக்குச் சரியில்லையா'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சுகமில்லன்னு சொன்னேன்."

மச்சானின் குரலில் அன்று இருந்த பணிவுக்கு அப்பாத்துரைக்கு இப்போது பொருள் விளங்கியது. செய்யுள் கட்டு சரிந்தது, பிடித்துக்கொண்டார்.

"அப்ப, உலாவி நல்லாத்தான் ஓடுதுன்னு தெரிஞ்சுதானா பொருத்தனை பண்ணின?"

பியூலா கைப்பையைச் சரிசெய்துகொண்டாள்.

"பின்ன? நடக்குமோ நடக்காதோன்னு இருக்க காரியத்துக்கு உங்களை எந்த நம்பிக்கையில பொருத்தனை பண்ண?"